சிறிய கார்: விமர்சகரின் சொல்லை எதுவரை நம்பலாம்?

சென்ற மாதம் ஓர் இரவில், கோவையில் வசிக்கும் என் மகள் பதினொரு காணொலிகளை என் கைப்பேசிக்கு அனுப்பி வைத்தாள். அத்தனையும் சிறிய கார்களைப் பற்றிய விமர்சனங்கள். மறுநாள் காலை அழைத்தாள். "அப்பா, எல்லாத்தையும் பாத்துட்டு எதை வாங்கலாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. எட்டு லட்சத்துக்கு மேல போக முடியாது. பிள்ளைங்க ரெண்டு பேரும் பின் சீட்லதான் உட்காருவாங்க, அதையும் நெனச்சுப் பாத்துச் சொல்லுங்க" என்றாள்.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்தவன் நான். தகவலும் சந்தையும் எவ்வாறு ஒன்றையொன்று சார்ந்துள்ளன என்பதை எத்தனையோ வகுப்புகளுக்கு விளக்கியிருக்கிறேன். ஆனால், விமர்சனங்களைப் படித்துக் கார் வாங்கிய அனுபவம் என் வாழ்வில் ஒரே ஒருமுறைதான் வாய்த்தது. அதில் நான் தேறவில்லை. ஆகவே, மகளுக்கு உடனே பதில் சொல்ல இயலவில்லை.

அது 2011-ஆம் ஆண்டு. ஆறாவது ஊதியக் குழுவின் நிலுவைத் தொகை கைக்கு வந்திருந்தது. ஆறு மாதங்கள் மூன்று ஆங்கில வாகன இதழ்களைத் தொடர்ந்து வாங்கி, ஆய்வேட்டைத் திருத்துவதுபோல் சிவப்பு மையால் கோடிட்டுப் படித்தேன். குறிப்பிட்ட ஒரு காரை நான்கு விமர்சகர்கள் ஒருமனதாகப் பாராட்டியிருந்தனர். அதன் பெயர் இங்கு வேண்டாம். அதையே வாங்கினேன். டாப் மாடலுக்கும் பேஸ் மாடலுக்கும் ஏறத்தாழ அறுபதாயிரம் ரூபாய் வித்தியாசம். இதழ்களில் வந்த படங்களெல்லாம் டாப் மாடலுடையவை; நான் வாங்கியதோ பேஸ் மாடல். இரண்டும் ஒரே கார்தானே என்பது அன்றைய என் எண்ணம்.

அடுத்த சித்திரையில் உறவினர் திருமணத்துக்காக ஐந்து பேர் மதுரையிலிருந்து இராமநாதபுரம் புறப்பட்டோம். மானாமதுரையைத் தாண்டுவதற்குள் பின் இருக்கையில் இருந்த என் மாமியார் சேலை முந்தானையால் விசிறிக்கொள்ளத் தொடங்கிவிட்டார். ஏ.சி. முழு வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாம் ஆண்டில் ஸ்டியரிங்கில் ஒரு கோளாறு. அதற்கான உதிரி பாகம் வந்துசேர இருபத்தாறு நாள்கள் ஆயின. அவ்வளவு நாள்களும் கார் பணிமனையில் நின்றது. நான் பேருந்தில் கல்லூரிக்குச் சென்று வந்தேன்.

பரணில் இருந்த இதழ்களை எடுத்து மீண்டும் படித்துப் பார்த்தேன். விமர்சகர்கள் பொய் எழுதியிருக்கவில்லை. டிசம்பர் மாதத்தில், மலைப்பாதையில், இருவர் மட்டும் அமர்ந்து, டாப் மாடலை ஓட்டிப் பார்த்து எழுதியிருந்தனர். அவர்கள் கண்டதை அப்படியே எழுதினர். நான் அறிய வேண்டியிருந்தது வேறொன்றாக இருந்தது.

இந்த வேறுபாட்டைப் பொருளியல் நெடுங்காலமாகவே பேசி வருகிறது. 1970-இல் பிலிப் நெல்சன் என்னும் அமெரிக்கப் பொருளியலாளர் பண்டங்களை இருவகையாகப் பிரித்தார். வாங்குவதற்கு முன்பே பார்த்துத் தரம் அறியக்கூடியவை ஒருவகை. பயன்படுத்திய பின்னரே தரம் தெரியவருபவை மற்றொரு வகை. கத்தரிக்காயைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தே வாங்கிவிடலாம். புதிய உணவகத்தின் சாம்பாரைச் சாப்பிட்டால்தான் தெரியும். மூன்றாண்டுகள் கழித்து மைக்கேல் டார்பி, எடி கார்னி ஆகிய இருவரும் மூன்றாவது வகை ஒன்றைச் சேர்த்தனர்: பயன்படுத்திய பின்னரும்கூடச் சாதாரண மனிதரால் தரத்தை அறிய முடியாதவை. 'நம்பிக்கைப் பண்டங்கள்' என்று அவற்றைச் சொல்லலாம். மருத்துவர் செய்த அறுவை சிகிச்சை தேவையானதுதானா என்பது நோயாளிக்குக் கடைசிவரை தெரியாமலே போகலாம்.

காரின் தனித்தன்மை, இம்மூன்று வகையும் அந்த ஒரே பொருளில் அடங்கியிருப்பதுதான். நிறம், நீளம், பின்பெட்டியில் எத்தனை பைகள் கொள்ளும் என்பவையெல்லாம் ஷோரூமிலேயே தெரிந்துவிடும். ஏ.சி.யின் திறன், மைலேஜ், ஐந்தாம் ஆண்டில் கிளட்ச் எப்படியிருக்கும், உதிரி பாகம் எத்தனை நாளில் வரும் என்பவை பயன்படுத்தினால் தெரியும். மோதினால் அந்தக் காரின் உடற்கூடு உள்ளிருப்பவரைக் காக்குமா என்பது, நல்வாய்ப்பாக, பெரும்பாலோருக்குத் தெரியவராமலே போகிறது. இருபது ஆண்டுகள் ஓட்டியவரும் அதைப் பற்றி எதையும் அறிந்தவரல்லர். விமர்சகரை நம்பலாமா என்ற கேள்வியை இந்த மூன்று வகைக்கும் தனித்தனியாகவே கேட்க வேண்டும். நான் 2011-இல் செய்த பிழை, ஒரு வகைக்குக் கிடைத்த விடையை மற்ற இரண்டுக்கும் சேர்த்தே எடுத்துக்கொண்டது.

அந்தப் பிழையின் முழு அளவு எனக்குப் புரிந்தது 2014 ஜனவரி இறுதியில். குளோபல் என்கேப் என்ற பன்னாட்டு அமைப்பு இந்தியாவில் விற்பனையாகும் ஐந்து சிறிய கார்களை மோதல் சோதனைக்கு உட்படுத்தி முடிவுகளை வெளியிட்டது. மாருதி ஆல்டோ 800, டாடா நானோ, ஹூண்டாய் ஐ10, ஃபோர்டு ஃபிகோ, ஃபோக்ஸ்வேகன் போலோ ஆகியவையே அந்த ஐந்து. எல்லாம் ஏர்பேக் இல்லாத பேஸ் மாடல்கள். மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில், முன்பகுதியின் ஒரு பக்கம் மட்டும் தடுப்பில் மோதும்படி நடத்தப்பட்ட அச்சோதனையில், பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஐந்துமே பூஜ்ய நட்சத்திரம் பெற்றன.

செய்தியைப் படித்த பலரும் அந்தப் பூஜ்யத்தோடு நிறுத்திக்கொண்டனர். அறிக்கையில் அதைவிட முக்கியமான ஒரு குறிப்பு இருந்தது. ஃபிகோ, போலோ இரண்டின் உடற்கூடும் மோதலில் நிலைகுலையவில்லை; ஆகவே, ஏர்பேக் பொருத்தினால் பாதுகாப்பு பெரிதும் கூடும். மற்ற மூன்றின் உடற்கூடு வெவ்வேறு அளவில் நொறுங்கியது. அவற்றில் ஏர்பேக் பொருத்தினாலும் பெரும்பயன் இராது என்றது அறிக்கை. இரண்டு ஏர்பேக் பொருத்திய போலோ நான்கு நட்சத்திரம் பெற்றது. ஏர்பேக் இல்லாத போலோவை அந்நிறுவனம் இந்தியச் சந்தையிலிருந்து விலக்கிக்கொண்டது.

இப்போது விமர்சகர்களிடம் வருவோம். இந்தியாவின் முன்னணி வாகன இதழ்களின் பத்திரிகையாளர்கள் நடுவர்களாக அமர்ந்து ஆண்டுதோறும் 'ஆண்டின் சிறந்த இந்தியக் கார்' என்ற விருதை வழங்குகின்றனர். 2008-இல் அந்த விருதைப் பெற்றது ஐ10. 2010-இல் நானோ. 2011-இல் ஃபிகோ. 2014-இல் பூஜ்யம் வாங்கிய ஐந்து கார்களில் மூன்று, துறை வல்லுநர்கள் கூடி அந்தந்த ஆண்டின் தலைசிறந்த கார் என்று தேர்ந்தெடுத்தவை. அவற்றுள் ஐ10 உருவானது இருங்காட்டுக்கோட்டையில். ஃபிகோ மறைமலை நகரில். நம் சென்னைக்கு அருகிலேயே.

இதைச் சொல்வதன் நோக்கம் அந்த நடுவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதன்று. நொறுங்கும் உடற்கூட்டையும் நொறுங்காத உடற்கூட்டையும் ஓட்டிப் பார்த்துப் பிரித்தறிய எந்த மனிதராலும் முடியாது. கதவை அறைந்து மூடி, 'கட்' என்ற அந்தத் திடமான ஓசையைக் கேட்டு, 'கட்டமைப்பு உறுதியானது' என்று சொல்லும் வழக்கம் இன்றும் காணொலிகளில் தொடர்கிறது. என் மகள் அனுப்பிய பதினொன்றில் ஏழில் அதைப் பார்த்தேன். அந்த ஓசை கதவின் ரப்பரையும் பூட்டின் அமைப்பையும் பற்றிச் சொல்லும். மோதலின் விசை உடற்கூட்டின் வழியாக எப்படிப் பரவும் என்பதைச் சொல்லாது. பல லட்சம் ரூபாய் காரை உடைத்து, பொம்மைகளுக்குள் வைத்த உணரிகளின் அளவுகளைப் படித்தால் ஒழிய அதை அறிய வேறு வழியில்லை.

என் கார் அந்த ஐந்தில் இல்லை. அது சோதிக்கப்படவே இல்லை. அதற்குப் பூஜ்யமும் கிடையாது, நான்கும் கிடையாது. ஏர்பேக் இல்லாத அந்தக் காரில்தான் மூன்று ஆண்டுகளாக மனைவியையும் மகளையும் நான்குவழிச் சாலையில் தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில் அழைத்துச் சென்றுகொண்டிருந்தேன். அன்று மிச்சப்படுத்திய அறுபதாயிரம் ரூபாயை எதற்குச் செலவழித்தேன் என்பது எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

அக்காலத்தில் தொழில்துறையினர் ஒரு வாதத்தை முன்வைத்தனர்: சிறிய காரை வாங்குபவர் பெரும்பாலும் ஸ்கூட்டரிலிருந்து மாறுபவர், நால்வர் மழையில் ஒரே ஸ்கூட்டரில் செல்வதைவிட எந்தக் காரும் மேல். நானோ பிறந்ததற்கு ரத்தன் டாடா சொன்ன காரணமே, மழையில் ஸ்கூட்டரில் சென்ற ஒரு குடும்பத்தைக் கண்டதுதான். இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. 2022-இல் நாட்டின் சாலை விபத்துகளில் உயிரிழந்த 1,68,491 பேரில் 44 சதவீதத்துக்கும் மேலானோர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். ஆனால், எட்டு லட்சம் ரூபாயுடன் ஷோரூமுக்குள் நுழைபவரின் முன்னால் ஸ்கூட்டர் இல்லை. இரண்டு கார்கள் இருக்கின்றன. அவற்றில் எது காக்கும் என்பதே அவர் கேள்வி.

விமர்சனம் எப்படி உருவாகிறது என்பதை வாசகர் அறிந்திருப்பது நல்லது. புதிய கார் அறிமுகமாகும்போது நிறுவனம் விமர்சகர்களை கோவா, உதய்பூர் போன்ற இடங்களுக்கு அழைக்கிறது. பயணச் செலவையும் தங்கும் செலவையும் பெரும்பாலும் நிறுவனமே ஏற்கிறது. அங்கே நிறுவனம் தேர்ந்தெடுத்து, சரிபார்த்து, துடைத்து நிறுத்திய டாப் மாடலை ஒரு நாளோ இரு நாள்களோ ஓட்டுகின்றனர். குறிப்பிட்ட நாள், குறிப்பிட்ட மணிக்கு முன் எதையும் வெளியிடக் கூடாது என்பது ஒப்பந்தம். அந்த மணி அடித்ததும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வெளியிடுகின்றனர். இதழின் அடுத்த பக்கத்தில் அதே நிறுவனத்தின் விளம்பரம் இருக்கும். கடுமையாக எழுதினால் அடுத்த அழைப்பு வருமா என்ற கேள்வி எங்கோ மனத்தின் ஓரத்தில் இருக்கத்தானே செய்யும்? இதற்கு லஞ்சம் என்று பெயரிடுவது மிகை. நம்மை வீட்டுக்கு அழைத்து விருந்தளித்தவரின் சமையலைப் பற்றி நாம் எப்படிப் பேசுவோமோ, அப்படி என்று வைத்துக்கொள்ளலாம்.

சமூக ஊடகங்களில் செல்வாக்குள்ளோர், நிறுவனங்களிடமிருந்து பணமோ பரிசோ பயணமோ பெற்றிருந்தால் அதை வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வழிகாட்டுதல் வெளியிட்டது. பதினொரு காணொலிகளில் இரண்டில் மட்டுமே அப்படி ஒரு வரியைக் கண்டேன். ஒன்றில் அது திரையின் அடியில் இரண்டு விநாடி தோன்றி மறைந்தது.

வேறு வழியில் இதைச் செய்ய முடியாதா? முடியும். அமெரிக்காவில் 1936-இல் தொடங்கப்பட்ட நுகர்வோர் சங்கம் ஒன்று 'கன்சூமர் ரிப்போர்ட்ஸ்' இதழை நடத்துகிறது. அது விளம்பரம் ஏற்பதில்லை. சோதிக்கும் கார்களைத் தன் அடையாளத்தைச் சொல்லாமல் கடையில் சாதாரண வாடிக்கையாளர்போல் விலை கொடுத்து வாங்குகிறது. வாசகர்களான கார் உரிமையாளர்களிடம் ஆண்டுதோறும் விவரம் கேட்டு, எந்தக் காரில் எந்தப் பாகம் எப்போது பழுதாகிறது என்று தொகுக்கிறது. இவ்வளவும் செலவு பிடிக்கும் வேலை; அந்தச் செலவைச் சந்தா கட்டும் வாசகரே ஏற்கிறார். நாம் இலவசமாகக் கிடைக்கும் காணொலியைப் பார்க்கிறோம். அதன் செலவை வேறு யாரோ ஏற்கிறார்கள் என்பதை மறந்துவிடுகிறோம்.

இவ்வளவு சொன்ன பிறகும், விமர்சகரே வேண்டாம் என்ற முடிவுக்கு நான் வரவில்லை. 1997-இல் ஸ்வீடனின் 'டெக்னிக்கன்ஸ் வார்ல்ட்' என்ற வாகன இதழ், மெர்சிடிஸ் நிறுவனம் அப்போதுதான் அறிமுகப்படுத்தியிருந்த ஏ-கிளாஸ் என்னும் சிறிய காரைச் சோதித்தது. அந்நாட்டுச் சாலைகளில் பெரிய மான்கள் திடீரெனக் குறுக்கிடுவது வழக்கம். ஆகவே, வேகமாகச் செல்லும்போது சட்டென ஒதுங்கி மீண்டும் தடத்துக்குத் திரும்பும் ஒரு சோதனையை அவ்விதழ் எல்லாக் கார்களுக்கும் நடத்திவந்தது. ஏ-கிளாஸ் அதில் கவிழ்ந்தது. உலகின் பெரும் கார் நிறுவனம் ஒன்று பல கோடி செலவிட்டு உருவாக்கிய வாகனம், ஓர் இதழின் சோதனைத் தளத்தில் சக்கரங்கள் மேலே தெரியக் கிடந்தது. நிறுவனம் முதலில் மறுத்துப் பேசியது. பின்னர் விற்பனையை நிறுத்திவைத்து, விற்ற கார்களைத் திரும்ப அழைத்து, கார் சறுக்குவதைத் தடுக்கும் மின்னணுக் கட்டுப்பாட்டை எல்லா ஏ-கிளாஸ் கார்களிலும் பொருத்தியது. அதுவரை விலையுயர்ந்த கார்களுக்கே உரியதாயிருந்த அந்தக் கருவி சிறிய கார்களுக்குள் நுழைய அந்நிகழ்ச்சி ஒரு முக்கியக் காரணம். 2014 நவம்பருக்குள் ஐரோப்பாவில் எல்லாப் புதிய கார்களுக்கும் அது கட்டாயமாயிற்று.

அந்த விமர்சகரிடம் இருந்த சிறப்பு என்ன? எல்லாக் கார்களுக்கும் ஒரே சோதனை, ஒரே அளவுகோல், யார் வந்து பார்த்தாலும் கண்ணுக்குத் தெரியும் முடிவு. அவர் ரசனையை நாம் ஏற்க வேண்டிய தேவையே எழவில்லை. இந்திய விமர்சகர்களிலும் இப்படி அளப்பவர்கள் இருக்கின்றனர். பிரேக் பிடித்து எத்தனை மீட்டரில் நிற்கிறது, எண்பது கிலோமீட்டர் வேகத்தில் உள்ளே எவ்வளவு இரைச்சல், நகரில் உண்மையில் எத்தனை கிலோமீட்டர் மைலேஜ் என்று கருவி வைத்து அளந்து வெளியிடுகின்றனர். மைலேஜைப் பொறுத்தவரை நிறுவனத்தின் எண்ணைவிட இவர்களின் எண்ணையே நான் நம்புவேன். நிறுவனம் விளம்பரப்படுத்தும் எண், ஆய்வகத்தில் உருளைகளின் மேல் காரை நிறுத்தி, வகுக்கப்பட்ட ஓர் ஓட்ட முறைப்படி அளந்தது. அம்முறையில் உச்ச வேகமே மணிக்கு 90 கிலோமீட்டர், ஏ.சி. ஓடாது, கோரிப்பாளையம் சிக்னலில் நான்கு சுற்று காத்திருப்பதும் கிடையாது.

விமர்சகரின் ரசனை வேறு, வாங்குபவரின் தேவை வேறு என்பதற்கு நம் ஊர்க் கார் ஒன்றே சான்று. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் சான்ட்ரோ வந்தபோது அதன் உயரமான தோற்றத்தைக் கேலி செய்தவர்கள் பலர். ஆனால், குனியாமல் ஏறி, நாற்காலியில் அமர்வதுபோல் அமரக்கூடிய காராக அது இருந்தது. முழங்கால் வலியுள்ள பெரியவர்களும் சேலை கட்டிய பெண்களும் உள்ள குடும்பங்களுக்கு அதன் அருமை உடனே விளங்கிற்று. கார் பெருவெற்றி பெற்றது. ஆண்டுக்கு ஐம்பது கார்களை ஓட்டும் விமர்சகருக்கு வளைவில் கார் சாயாமல் திரும்புவது பேரின்பம். ஃபியட் புன்டோவை ஓட்டும் சுவைக்காக விமர்சகர்கள் ஆண்டுக்கணக்கில் போற்றினர், வாங்கியவர் குறைவு. அறுபத்தாறு வயதில் எனக்கு வளைவைவிடக் கதவின் உயரம் முக்கியம். இதில் விமர்சகர் பிழை ஏதுமில்லை. அவர் தம் முழங்காலை வைத்துப் பேசுகிறார், நான் என் முழங்காலை வைத்துக் கேட்கிறேன்.

விமர்சனத்தை வாசிக்கும் முறை ஒன்றை எனக்குக் கற்றுத் தந்தது என் பணியே. பணிக்காலத்தில் மாணவர்களுக்கு நூற்றுக்கணக்கான பரிந்துரைக் கடிதங்கள் எழுதியிருக்கிறேன். சிறந்த மாணவனுக்கு, 'பகுப்பாய்வுத் திறன் மிக்கவன்' என்று எழுதுவேன். மற்றவனுக்கு, 'ஒழுங்காக வகுப்புக்கு வருபவன், பணிவுள்ளவன்' என்று எழுதுவேன். இரண்டும் உண்மையே. கடிதத்தைப் பெறும் பேராசிரியருக்கு நான் எழுதாமல் விட்டது எது என்பது புரிந்துவிடும். கார் விமர்சனங்களிலும் இந்த மரியாதை மொழி உண்டு. 'நகரப் பயன்பாட்டுக்கு மிகப் பொருத்தமானது' என்றால் நெடுஞ்சாலையில் லாரியை முந்த எஞ்சின் திணறும் என்று கொள்ளலாம். 'பின் இருக்கை இருவருக்கு வசதியானது' என்றால் மூன்றாமவர் துன்பப்படுவார். 'பழகிவிட்டால் கியர் இதமாக இருக்கிறது' என்றால் முதல் சில மாதங்கள் இதமாக இராது.

இன்னொரு கோணமும் உண்டு. நிறுவனத்தின் விருந்தாளியாகச் சென்றவர் புகழ்வதில் நமக்குப் புதிய தகவல் குறைவு. அவரே ஒரு குறையைச் சொன்னால் அதில் தகவல் மிகுதி. தம் நலனுக்கு எதிராக ஒருவர் சொல்லும் சொல்லுக்கு நீதிமன்றத்திலும் கூடுதல் எடை உண்டு அல்லவா? அதனால், காணொலிகளைப் பார்த்தபோது பாராட்டுகளை எழுதிக்கொள்ளாமல் குறைகளை மட்டும் ஒரு தாளில் குறித்தேன். ஒரே காரைப் பற்றி ஐவர் தனித்தனியே ஒரே குறையைச் சொல்லியிருந்தால், அது உண்மை.

கார் உரிமையாளர்களைக் கேட்டால் போதாதா என்பார் சிலர். கேட்கலாம், ஆனால் அங்கும் ஒரு சாய்வு உண்டு. ஏழாண்டுத் தவணை கட்டிக்கொண்டிருப்பவர், தாம் தவறான காரை வாங்கிவிட்டதாக எளிதில் ஒப்புக்கொள்ளமாட்டார். நானே 2013 வரை என் காரை நண்பர்களுக்குப் பரிந்துரைத்துக் கொண்டிருந்தேன்! இதைவிட நம்பகமானது, சொந்தப் பணத்தைப் பணயம் வைப்பவர்களின் நடத்தை. ஒரு லட்சம் கிலோமீட்டரைச் சில ஆண்டுகளிலேயே கடந்துவிடும் டாக்ஸி ஓட்டுநர்கள் எந்தக் காரை மீண்டும் மீண்டும் வாங்குகிறார்கள் என்று பாருங்கள். ஐந்தாண்டுப் பழைய காருக்குப் பயன்படுத்திய கார்ச் சந்தையில் என்ன விலை என்று விசாரியுங்கள்.

பழைய கார்ச் சந்தையை வைத்தே ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் ஒரு கட்டுரை எழுதினார். விற்பவருக்குக் காரின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது; ஆகவே, வாங்குபவர் எல்லாக் கார்களையும் ஐயத்துடன் குறைத்தே மதிப்பிடுவார்; நல்ல காரை வைத்திருப்பவர் அந்த விலைக்கு விற்க மனமின்றி விலகிக்கொள்வார் என்பது அதன் சாரம். மூன்று ஆய்விதழ்கள் அதைத் திருப்பி அனுப்பின. பின்னர் அதுவே அவருக்கு 2001-இல் நோபல் பரிசு கிடைக்கக் காரணமாயிற்று. வகுப்பில் இதைக் கற்பிக்கும்போது மாணவர்கள் வழக்கமாகக் கேட்பார்கள்: "அப்படின்னா பழைய கார் விலையை நம்பவே கூடாதா சார்?" தனியொரு காரின் விலையை நம்ப வேண்டாம்; ஒரு மாடலின் விலை மற்றொரு மாடலைவிட ஏன் வேகமாகச் சரிகிறது என்பதைக் கவனியுங்கள் என்பேன். அதில் உதிரி பாகத் தட்டுப்பாடு, பணிமனைகளின் எண்ணிக்கை, நிறுவனம் நாட்டைவிட்டுப் போய்விடுமோ என்ற அச்சம் எல்லாம் அடங்கியிருக்கும். செவர்லே 2017-இல் இந்திய விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021-இல் இங்கு உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. அறிமுக நாளில் எந்த விமர்சகராலும் அதைச் சொல்லியிருக்க முடியாது.

உயிர்ப் பாதுகாப்பைப் பொறுத்தவரை 2014-க்குப் பிறகு நிலைமை மாறியிருக்கிறது. 2017 அக்டோபர் முதல் புதிய மாடல்களுக்கும், 2019 அக்டோபர் முதல் எல்லாக் கார்களுக்கும் மோதல் சோதனை விதி கட்டாயமானது. 2019 ஜூலை முதல் ஓட்டுநருக்கும், பின்னர் முன் இருக்கைப் பயணிக்கும் ஏர்பேக் கட்டாயமாயிற்று. 2018 டிசம்பரில் டாடா நெக்ஸான் குளோபல் என்கேப் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்றது. இந்தியாவில் உருவான கார் ஒன்று ஐந்தைத் தொட்டது அதுவே முதன்முறை. 2023 அக்டோபர் 1 முதல் பாரத் என்கேப் என்ற நம் நாட்டுத் திட்டமே நடைமுறைக்கு வந்துவிட்டது.

நட்சத்திரத்தையும் கண்மூடி நம்ப வேண்டாம். 2022-இல் குளோபல் என்கேப் தன் சோதனையைக் கடுமையாக்கியது. பக்கவாட்டு மோதலும் சறுக்கல் தடுப்பும் மதிப்பீட்டில் சேர்ந்தன. 2019-இல் இரண்டு நட்சத்திரம் பெற்ற வேகன் ஆர், 2023-இல் ஒன்றே பெற்றது. கார் மோசமாகிவிடவில்லை, வினாத்தாள் மாறிவிட்டது. ஆகவே, நட்சத்திரத்தோடு ஆண்டையும் பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் மதிப்பெண் தனித்தனியே தரப்படுகிறது என்பதும் பலருக்குத் தெரியாது. பாரத் என்கேப்பில் பெரியவர்களுக்கு 32, குழந்தைகளுக்கு 49 என்பது முழு மதிப்பெண். குழந்தை இருக்கையைக் காரில் எவ்வளவு உறுதியாகப் பூட்ட முடிகிறது என்பதும் அந்த 49-க்குள் வருகிறது. பேரப்பிள்ளைகளைப் பின் இருக்கையில் அமர்த்தப்போகும் எனக்கு அந்த இரண்டாவது எண்ணே முதல் எண்.

பாரத் என்கேப் கட்டாயமன்று. காரை அனுப்புவதா வேண்டாமா என்பது நிறுவனத்தின் விருப்பம். அனுப்பாத காரைப் பற்றி என்ன நினைப்பது? சான்ஃபோர்டு கிராஸ்மன், பால் மில்குரோம் இருவரும் 1981-இல் தனித்தனியே இதற்கு விடை தந்தனர். தரத்தைச் செலவின்றிச் சரிபார்த்துக் காட்ட வழி இருக்கும்போது, நல்லதை வைத்திருப்பவர் காட்டிவிடுவார். அவருக்கு அடுத்தவரும் காட்டுவார். கடைசிவரை காட்டாதிருப்பவரிடம் இருப்பது மோசமானது என்று வாங்குபவர் கொள்வதே அறிவுடைமை. நடைமுறையில் சோதனைக்குச் செலவும் காலமும் ஆகும், வரிசையில் காத்திருப்போரும் இருப்பர். ஆகவே, வந்து ஓரிரு மாதமே ஆன காருக்கு இந்த விதியைப் பொருத்த மாட்டேன். மூன்றாண்டுகளாக விற்பனையில் இருந்தும் மதிப்பெண் இல்லாத கார் என்றால், 2011-இல் நான் செய்ததை மீண்டும் செய்ய மாட்டேன்.

இத்தனையையும் கைப்பேசியில் மகளுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிப்பா, இப்ப நான் என்ன பண்ணணும்?" என்றாள். குழந்தைகளுக்கான மதிப்பெண் இல்லாத கார்களைப் பட்டியலிலிருந்து முதலில் நீக்கச் சொன்னேன். பதினொரு காணொலிகளில் பேசப்பட்ட ஆறு கார்கள் இரண்டாகக் குறைந்தன. அவள் மனத்துக்கு மிகப் பிடித்திருந்த கார், அந்தச் சிவப்பு நிறக் கார், போய்விட்டது. சிறிது நேரம் மறுமுனையில் பேச்சே இல்லை.

மிஞ்சிய இரண்டுக்கும் விமர்சகர்கள் அளந்த பிரேக் தூரத்தையும் மைலேஜையும் எழுதி அனுப்பினேன். அவள் வீட்டருகே உள்ள பணிமனை மெக்கானிக்கிடம் அந்த இரண்டில் எதற்கு உதிரி பாகம் விரைவில் கிடைக்கிறது என்று கேட்கச் சொல்லியிருக்கிறேன். ஓட்டிப் பார்ப்பதற்கு நாங்கள் வாங்கப்போகும் பேஸ் மாடலையே தர வேண்டும் என்று ஷோரூமில் கேட்டோம். டாப் மாடல்தான் இருக்கிறது, வேறுபாடு ஒன்றுமில்லை என்றார் விற்பனையாளர். காத்திருக்கிறோம் என்று சொல்லிவிட்டோம். வரும் ஞாயிறன்று நண்பகல் வெயிலில், நான், மகள், மருமகன், பேரப்பிள்ளைகள் இருவர் என ஐந்து பேரும் ஏறி, ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு அவிநாசி வரை போய்வரப் போகிறோம். பின் இருக்கையில் நடுவில் நான் அமர்வதாக ஏற்பாடு.